பழைய ஸ்டீரியோ ரிசீவர் பாடவில்லையா? கடைக்குத் தூக்குமுன் வீட்டில் செய்ய வேண்டியவை

மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் பக்கம் விசாரித்துப் பார்த்தால், பரண் மேல் ஒரு சான்சுயியோ பயனியரோ கென்வுட்டோ கிடக்கும் வீடுகள் இன்னும் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த செட்டுகள். முகப்பில் கனமான அலுமினியம், உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். இவற்றில் பல இன்றும் பாடக்கூடியவை. பாடாததற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு, துரு, விட்டுப்போன ஈயப் பற்றவைப்பு, காய்ந்த கண்டன்சர் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) இவைதான்.

எங்கள் வீட்டுச் செட் அத்தான் சவுதியிலிருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் பாட்டு விட்டு விட்டு வந்தது. பழுதுபார்க்கக் கொடுத்தால் மாதக்கணக்கில் கடையிலேயே கிடந்தது. கடைசியில், "அண்ணாச்சி, இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கிடையாது. உள்ள இருக்கத எடுத்துட்டு நம்ம எஸ்டிகே ஐசி ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒண்ண வச்சு, புளூடூத்தும் சேத்து விட்டுரட்டா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று வாங்கிவந்து, மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினால், பழுது, ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் முனையில் படிந்த கறுப்பு. துடைக்க ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் ஆல்கஹாலும் போதுமாக இருந்தது. இதற்கு நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் வெளியே, பிறகு பல்பு வைத்து மின்சாரம், பிறகு மீட்டர், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பாகம் மாற்றுவது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே கண்டன்சர் மாற்றத் தொடங்கி, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. வீட்டு சுவிட்ச்போர்டைத் திறந்தே பார்க்காதவர் என்றால், தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டாம்.

1. பிளக்கைச் சொருகும் முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

செட்டைத் திருப்பி வைத்து, பின்பக்க லேபிளை டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது?

220 அல்லது 240 என்று மட்டும் இருந்தால் சிக்கல் இல்லை. வளைகுடா, சிங்கப்பூர்ச் செட்டுகளில் பெரும்பாலும் 110, 120, 220, 240 என்று மாற்றும் செலக்டர் ஒன்று இருக்கும். அது எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகவே கூடாது. 240 என்ற நிலை இருந்தால் அதில் வையுங்கள். நமக்கு வருவது 230 என்றாலும், தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடுகளில் அதற்கு மேலும் ஏறுவதுண்டு.

120 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் அது அமெரிக்கச் செட். 100 வோல்ட் என்றிருந்தால் ஜப்பானுக்குள்ளேயே விற்றது. இரண்டுக்கும் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். லேபிளில் 250 வாட் என்றிருந்தால் 500 விஏ டிரான்ஸ்பார்மராக வாங்குங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 110 வோல்ட். 100 வோல்ட் செட்டுக்கு அது பத்து சதவீதம் கூடுதல், நாள்பட ஓட்ட ஏற்றதில்லை. ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுக்கும் வைண்டிங் கடையில், 100 வோல்ட்டுக்குத் தனி முனை (டேப்) வைத்துச் சுற்றச் சொல்லலாம். செலவு ஏறத்தாழ ரூ. 1500-க்கு மேல் ஆகும். சுற்றி முடிக்கச் சில நாட்கள் கேட்பார்கள்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வாங்கும் பிளக் அடாப்டர் பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும். வோல்ட்டை மாற்றாது. அதை நம்பிச் சொருகிய 120 வோல்ட் செட்டில் டிரான்ஸ்பார்மரே போய்விடும், அதற்கு மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பழைய செட் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் செட்டின் எஃப்எம் டயல் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். திருநெல்வேலியில் சூரியன் 93.5, ஹலோ 106.4. இரண்டுமே அந்த டயலில் வராது. அதைப் பழுது என்று நினைத்து, நிலையங்களைப் பிடிக்கும் பகுதியான டியூனரைக் கிண்டினால் ஆயுசுக்கும் கண்டுபிடிக்க முடியாது.

2. காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

முதல் ஆவணம் சர்வீஸ் மேனுவல். பிரபலமான ஜப்பானியச் செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. செட்டின் முழு மாடல் எண்ணையும் போட்டுத் தேடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் போர்டு வேறாக இருக்கும். முழுக்கப் புரிய வேண்டும் என்பதில்லை. மூன்று பக்கங்களை மட்டும் அச்செடுத்து வையுங்கள்: சர்க்யூட் படம், ஃப்யூஸ் பட்டியல், அட்ஜஸ்ட்மென்ட் பக்கம். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று படத்திலேயே சிவப்பிலோ கறுப்பிலோ அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்கள்தான் உங்கள் வழித்துணை.

இரண்டாவது, போட்டோ. மூடியைத் திறந்ததும், எதையும் தொடும் முன், நான்கு பக்கமும் மேலிருந்தும் செல்போனில் எடுங்கள். ஒவ்வொரு கனெக்டரைக் கழற்றும் முன்னும் ஒன்று.

மூன்றாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. என்ன அளந்தீர்கள், எவ்வளவு வந்தது, எதை மாற்றினீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். பின்னால் மெக்கானிக்கிடம் கொடுக்க நேர்ந்தால் இந்த நோட்டு அவருடைய வேலையைப் பாதியாக்கும், உங்களுக்கும் கூலி குறையும்.

3. கருவிகளும் செலவும்

விலைகள் நான் வாங்கியதை ஒட்டியவை. கடைக்குக் கடை மாறும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் ரூ. 300-லிருந்து கிடைக்கும். கன்டினியூட்டியில் (வழி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் நிலை) பீப் சத்தம் தருவதாகவும், டயோடு சோதிக்கும் வசதி உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள். ரூ. 800 கொடுத்தால் கொஞ்சம் நம்பிக்கையானது வரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ரூ. 300 பக்கம், சோல்ட்ரான் கம்பெனியுடையது போதும். 60/40 ஈயக் கம்பி, ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ், ஈயம் உறிஞ்சும் பம்பு எல்லாம் சேர்த்து ரூ. 300. எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ரூ. 300 முதல் 600 வரை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். பெயிண்ட் அடிக்கும் மெல்லிய பிரஷ் ஒன்று. அப்புறம் முதலைவாய் கிளிப் வைத்த ஒயர்கள் நாலைந்து, 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

கடைசியாக ஒரு மட்டமான ஸ்பீக்கர். உடைந்த டேப்ரெக்கார்டரிலிருந்து கழற்றியதானாலும் சரி. நல்ல ஸ்பீக்கரைச் சோதனைக்கு மாட்டவே மாட்டாதீர்கள்.

எல்லாம் சேர்த்தாலும் 2500 ரூபாய்க்குள் முடியும்.

4. சீரிஸ் பல்பு போர்டு செய்துகொள்ளுங்கள்

இந்த ஒரு சாதனம் இல்லாமல் பழைய செட்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே சீரிஸ் போர்டுதான். ஒரு மரப்பெட்டியில் பல்பு ஹோல்டர் ஒன்று, பிளக் பாயிண்ட் ஒன்று, சுவிட்ச் ஒன்று. ஃபேஸ் ஒயர் சுவிட்ச் வழியாக ஹோல்டருக்குப் போய், ஹோல்டரிலிருந்து பிளக் பாயிண்டுக்குப் போக வேண்டும். நியூட்ரல் நேராகப் போகும். 300 ரூபாய்க்குள் ஆகிவிடும். தெருவிலுள்ள எந்த எலக்ட்ரீஷியனும் அரைமணி நேரத்தில் செய்து கொடுப்பார்.

பல்பு பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி போட்டால் வேலைக்கு ஆகாது. ஏனென்றால், உள்ளே ஓடும் இழை சூடாகி மின்சாரத்தைத் தடுப்பதுதான் இங்கே நமக்கு வேண்டிய காரியம். சின்னச் செட்டுக்கு 60 வாட், பெரிய செட்டுக்கு 100 வாட். கோழிக்குஞ்சுக் கூண்டுக்குச் சூடு காட்ட இன்றும் வாங்குகிறார்கள் என்பதால் கிராமத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.

உள்ளே ஷார்ட் இருந்தால் மின்சாரம் முழுவதும் பல்பு எரியவே போய்விடும், செட்டுக்குச் சேதம் வராது. ஷார்ட் இல்லாவிட்டால் பல்பு மங்கிவிடும். இவ்வளவுதான் தத்துவம்.

5. திறந்து, கண்ணால் பாருங்கள்

செட் நேற்றுவரை பாடிக்கொண்டிருந்தது, இன்றைக்குத்தான் ஒரு பக்கம் வரவில்லை என்றால் மட்டும் வரிசையை விட்டு நேராக 8-க்குப் போங்கள்; மூடியைத் திறக்க வேண்டி வந்தால் இங்கே சொல்லும் எச்சரிக்கைகள் அங்கேயும் பொருந்தும். பரணிலிருந்து இறக்கிய செட் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மோதிரம், செயின், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த தரையில், மர மேசைமேல் வைத்துத் திறங்கள்.

உள்ளே சோடா டின் அளவுக்கு இரண்டு பெரிய கண்டன்சர்கள் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும். மீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முனைகளுக்குக் குறுக்கே அந்த 100 ஓம் ரெசிஸ்டரை கிளிப் வழியாகப் பத்து இருபது வினாடி பிடியுங்கள். கை உலோகத்தில் படக் கூடாது. மறுபடி அளந்து, பூஜ்ஜியத்துக்கு வந்ததா என்று உறுதி செய்யுங்கள். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் படாரென்று ஷார்ட் செய்வதைச் சில கடைகளில் பார்க்கலாம். கண்டன்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

இப்போது நிதானமாகப் பாருங்கள். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். நம் ஊர்ப் பரண்களில் இருந்த செட்டுக்குள் பல்லி முட்டை, செத்த பல்லி, எறும்புப் புற்று சாதாரணம். பல்லி எச்சம் போர்டில் விழுந்து செம்பு வழித்தடத்தையே அரித்திருக்கும். காயல்பட்டினம், உவரி, திருச்செந்தூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு, பின்பக்க ஜாக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்து ஈரத்தால் பூஞ்சை. உங்கள் ஊர் எதுவோ அதற்கேற்ப முதலில் அங்கே தேடுங்கள்.

கண்டன்சர் தலை உப்பியிருக்கிறதா, அடியில் ஈரம் கசிந்திருக்கிறதா? கரிந்த ரெசிஸ்டர் உண்டா? கருகிய வாசனை எங்கிருந்து வருகிறது? பெரிய கண்டன்சர்களின் அடியில் மஞ்சளாகவோ காப்பி நிறத்திலோ ஒரு பசை தெரியும். தொழிற்சாலையில் அசையாமல் இருக்க ஒட்டியது. பழுப்பேறிய பசை ஈரத்தை இழுத்து மின்சாரத்தையும் கடத்தத் தொடங்கும், பக்கத்து ரெசிஸ்டரின் காலையும் தின்றுவிடும். அதைப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள்.

அடுத்து ஃப்யூஸ்கள். எல்லாவற்றையும் கழற்றி மீட்டரில் பீப் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியில் இழை தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம். போயிருந்தால் அதே ஆம்பியர், அதே வகைதான் போட வேண்டும். டி என்ற எழுத்துப் போட்டிருந்தால் மெதுவாக எரியும் வகை, எஃப் என்றால் உடனே எரியும் வகை. செம்புக் கம்பி சுற்றியோ, சிகரெட் தாள் சுற்றியோ போட்டிருந்தால் யாரோ முன்பே கைவைத்த செட் என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

6. முதல் மின்சாரம்

ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பல்பு போர்டு வழியாக ஆன் செய்யுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கி, இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தால் நல்லது. கண்டன்சர்கள் நிரம்பிவிட்டன, ஷார்ட் இல்லை. அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்த கண்டன்சருக்கு இந்த மெதுவான தொடக்கம் நல்லது. எதுவும் புகைகிறதா, சூடாகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

பல்பு எரியவே இல்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது. பவர் கார்டு, பவர் சுவிட்ச், மெயின் ஃப்யூஸ், டிரான்ஸ்பார்மரின் உள்சுற்று என்ற வரிசையில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மீட்டர் வைத்துப் பாருங்கள். எலி கடித்த கார்டு அடிக்கடி காரணம்.

பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள். ஷார்ட் இருக்கிறது. பெரும்பாலும் பவர் டிரான்சிஸ்டர், அல்லது ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு. கண்டன்சரை மறுபடி காலி செய்துவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே இரு திசையிலும் வையுங்கள். நல்லதானால் பூஜ்ஜியம் காட்டாது. பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டிப் பீப் அடித்தால் போயிற்று. போர்டிலிருந்து கழற்றி ஒருமுறை உறுதி செய்யுங்கள். ஒன்று போனால் அதன் ஜோடியையும், அவற்றை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டர்களையும், எமிட்டரில் இருக்கும் 0.22 அல்லது 0.47 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். புது டிரான்சிஸ்டரை மட்டும் போட்டு ஆன் செய்தால் அடுத்த வினாடியே அதுவும் போகும்.

7. 'டிக்' சத்தம் வருகிறதா?

எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த செட்டுகளில் பெரும்பாலும் ஒரு பாதுகாப்பு ரிலே உண்டு. ஆன் செய்து சில வினாடிகள் கழித்து 'டிக்' என்று விழுந்து ஸ்பீக்கரை இணைக்கும். அது விழவில்லை என்றால் செட் ஏதோ ஆபத்தை உணர்ந்திருக்கலாம். பல்பு போர்டில் வோல்ட் குறைவதாலும் விழாமல் இருக்கலாம். எனவே பல்பு நன்றாக மங்கியிருந்தால், அடுத்த கட்டமாகப் பல்பு போர்டு இல்லாமல் நேராக வீட்டு பிளக்கில் சொருகிக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் ஸ்பீக்கர் மாட்டக் கூடாது.

விழுந்துவிட்டால், ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் சூடேறிய பிறகு, வால்யூம் பூஜ்ஜியத்தில். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டிய பழுது. வோல்ட் கணக்கில் வந்தால் அந்தச் சேனல் (இடது அல்லது வலது பக்கம்) ஸ்பீக்கரை எரித்துவிடும்.

ரிலே விழாத செட்டில் இதே டிசியை ரிலேக்கு முன்னால், ஆம்ப் பக்கக் காலில் அளக்க வேண்டும். இங்கேதான் பலருக்குக் கை வழுக்குகிறது. ஓடும் செட்டில் மீட்டர் முனை நழுவி இரண்டு கால்களைத் தொட்டால் நல்ல டிரான்சிஸ்டரும் ஒரு நொடியில் போய்விடும். எனவே அணைத்து, கிளிப்பை மாட்டி, கையை எடுத்து, பிறகு ஆன் செய்து படியுங்கள். அடுத்த இடத்துக்கு மாற்றவும் அணைத்துத்தான் மாற்ற வேண்டும். எந்தச் சேனலில் டிசி அதிகமோ பழுது அந்தச் சேனலில். இரண்டிலும் சரி, ஆனாலும் ரிலே விழவில்லை என்றால் பாதுகாப்பு சர்க்யூட்டிலேயே பழுது. அங்கே இருக்கும் சின்னக் கண்டன்சர்களை முதலில் சந்தேகப்படுங்கள்.

பவர் சப்ளையையும் அளந்து வையுங்கள். பிளஸ் 42 என்றால் மைனஸ் பக்கமும் ஏறத்தாழ 42 இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இல்லை என்றால் அந்தப் பக்க ஃப்யூஸ்.

8. கை படாத சுவிட்சுகள்

செட் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. முதலில் டேப் மானிட்டர் சுவிட்ச், அதாவது டேப்ரெக்கார்டரிலிருந்து வருவதைக் கேட்க வைத்தது. அது அமுங்கியிருந்தால் ரேடியோவும் வராது, எதுவும் வராது. அடுத்து ஸ்பீக்கர் ஏ, பி தேர்வு. அடுத்து மியூட். எஃப்எம் மியூட் போட்டிருந்தால் பலவீனமான நிலையம் கேட்காது. பின்பக்கம் 'பிரீ' (முன்பகுதி), 'மெயின்' (பவர் பகுதி) என்ற ஜாக்குகளை இணைக்கும் இரண்டு யு வடிவக் கம்பிகள் சில செட்டுகளில் உண்டு. குழந்தைகள் பிடுங்கி விளையாடித் தொலைத்திருப்பார்கள். ஒரு சாதாரண ஆடியோ ஒயரால் அவற்றை இணைத்தால் செட் பாடும்!

9. கரகர சத்தமும் காணாமல் போகும் சேனலும்

பழைய செட்டின் பழுதுகளில் முக்கால்வாசி இங்கேதான் என்பது என் கணிப்பு. வால்யூமைத் திருப்பும்போது கரகர என்றால் கன்ட்ரோலுக்குள் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கி, கன்ட்ரோலின் உடம்பில் இருக்கும் சின்ன இடைவெளியில் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முப்பது நாற்பது முறை திருப்புங்கள். எல்லா சுவிட்சுக்கும் இதே வைத்தியம். குறைந்தது ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும்.

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம். அன்றைக்குச் சத்தம் நிற்கும். சில மாதத்தில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அப்புறம் கன்ட்ரோலையே மாற்ற வேண்டியதுதான், அந்த அளவில் கிடைக்காது.

வால்யூமைக் குறைத்தால் ஒரு பக்கம் மறைகிறது, கூட்டினால் 'படக்' என்று திரும்பி வருகிறது என்றால் ரிலே முனையைப் பாருங்கள். எங்கள் செட்டில் நடந்தது இதுதான். ரிலேயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் வெள்ளி நிற முனைகள் கறுத்திருப்பது தெரியும். அழுத்தமான வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்கு வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, இரு முனைகளுக்கு நடுவே நுழைத்து, மேல்முனையை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு காகிதத்தை இழுங்கள். கருங்கோடு ஒன்று வரும். துண்டை மாற்றி மாற்றி, கோடு வராதவரை இழுக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், சில வாரத்தில் முன்னைவிட மோசமாகும். சுத்தம் செய்தும் பழுது திரும்பினால் புது ரிலே. உள்ளே இருக்கும் கம்பிச்சுற்றின் (காயில்) வோல்ட் அதேதானா, கால் அமைப்பு ஒன்றா என்று பார்த்து வாங்குங்கள். ரூ. 100 முதல் 250 வரை.

இதிலும் சரியாகவில்லை என்றால் சேனலை மாற்றிப் பாருங்கள். பாட்டு வரும் ஒயரின் இடது வலது பிளக்குகளை ஒன்றுக்கொன்று மாற்றிச் சொருகுங்கள். பழுது அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால், ஒயரிலோ பாட்டு வரும் கருவியிலோ கோளாறு. தாவாமல் அதே பக்கம் நின்றால் செட்டுக்குள்ளேயோ ஸ்பீக்கரிலோ. பிறகு, செட்டை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றுங்கள். அதிலும் தெரிந்துவிடும். பிரீ, மெயின் இணைப்பு உள்ள செட்டில் அங்கேயும் மாற்றினால், பழுது முன்பகுதியிலா பவர் பகுதியிலா என்பதும் பிடிபடும். ஒரு ரூபாய் செலவில்லை.

தட்டினால் வருகிறது, சூடானால் போகிறது என்றால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. போர்டின் அடிப்பக்கத்தில் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். ரிலே, பவர் டிரான்சிஸ்டர், ஸ்பீக்கர் டெர்மினல் ஆகியவற்றின் கால்களைச் சுற்றி முடி கனத்தில் ஒரு வட்டக் கீறல் தெரியும். நேராக அடித்தால் தெரியாது. பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டு, ஃப்ளக்ஸ் தொட்டு, புது ஈயம் வையுங்கள். மேலேயே பூசுவது நிற்காது.

வால்யூமைத் தொடாதபோதும் ஒரு பக்கம் சரசரவென்று சத்தம் வருகிறதா? 2எஸ்சி 458 என்ற சின்ன டிரான்சிஸ்டர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கால்கள் கறுத்துச் சத்தம் போடுவதில் பெயர் வாங்கியது. கேஎஸ்சி 1845 மாற்றாகப் பொருந்தும். கால் வரிசையை மேனுவலோடும் டேட்டாஷீட்டோடும் ஒப்பிட்ட பிறகே வையுங்கள்.

10. ரேடியோ மட்டும் எடுக்கவில்லை என்றால்

எஃப்எம்முக்குப் பின்பக்கம் ஆன்டெனா மாட்டினீர்களா? சாதாரண ஒயரில் டி வடிவத்தில், மேல்கை மொத்தம் ஒன்றரை மீட்டர் வரும்படி செய்து ஜன்னல் பக்கம் கட்டினால் போதும். மத்திய அலைக்கு (ஏஎம்), செட்டின் பின்பக்கம் இருக்கும் கறுப்புத் தண்டு ஆன்டெனாவை வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ், தூத்துக்குடியின் 1053 இரண்டையும் வைத்து டயலின் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று சோதிக்கலாம். சோதிக்கும்போது எல்இடி விளக்குகளையும் செல்போன் சார்ஜரையும் அணையுங்கள். மத்திய அலையில் அவை போடும் இரைச்சல் தாங்காது.

டிஜிட்டல் டியூனர் உள்ள அமெரிக்கச் செட்டுகளில் வேறொரு சங்கடம். அவை மத்திய அலையில் 10 கிலோஹெர்ட்ஸ் படிகளில் தாவும், நம்முடையது 9. எஃப்எம்மில் பல செட்டுகள் 106.3, 106.5 என்றுதான் நிற்கும், 106.4-ல் நிற்காது. சிலவற்றின் பின்பக்கம் இதை மாற்றும் சுவிட்ச் இருக்கும். அது செட்டின் பழுதில்லை.

டியூனருக்குள் நிறம் பூசிய சின்னத் தகர டப்பாக்களின் தலையில் திருகு மாதிரி இருக்கும். அவற்றைத் தொடவே தொடாதீர்கள். கருவிகள் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

11. பாகங்கள் வாங்குவது

கண்டன்சர், ரெசிஸ்டர், ரிலே போன்றவை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சென்னை ரிச்சி தெரு. நேரில் போக முடியாதவர்கள் தெரிந்தவர் மூலம் வாங்கி ஆம்னி பஸ் பார்சலில் போடச் சொன்னால் மறுநாள் காலை வந்துவிடும். ஆன்லைனில் பெரிய உதிரிபாக நிறுவனங்களில் வாங்கினால் அசல் கிடைக்கும், ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அனுப்புகூலி தனி. எனவே பட்டியலை முழுதாகப் போட்டு ஒரே தடவையில் வாங்குங்கள்.

கண்டன்சரில் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி வகை. பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். பவர் டிரான்சிஸ்டரில்தான் ஏமாற்று அதிகம். 2எஸ்சி 5200, 2எஸ்ஏ 1943 ஜோடியில் போலிகள் தாராளமாகப் புழங்குகின்றன; எஸ்டிகே ஐசிக்களிலும் அப்படியே. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். புதிது வைக்கும்போது மைக்காத் தகடும் வெப்பப் பசையும் மறக்கக் கூடாது. வைத்த பிறகு டிரான்சிஸ்டரின் உடம்புக்கும், சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவே ஷார்ட் இல்லையென்று மீட்டரில் பாருங்கள். பிறகு மறுபடி பல்பு போர்டு, மறுபடி டிசி அளவு, கடைசியாக மேனுவலில் சொன்னபடி பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம்) அளவைச் சரிசெய்வது. மீட்டர் மாட்டாமல் பயாஸ் திருகைத் திருப்பக் கூடாது.

12. மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டி வந்தால்

டிசி அதிகமாக வரும் பவர் பகுதி, டியூனர் அலைன்மென்ட், டிரான்ஸ்பார்மர் இந்த மூன்றும் வந்தால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. பழைய ஜப்பான் செட்டில் கைபழகிய பெரியவர்கள் பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் தூத்துக்குடியிலும் இன்னும் இருக்கிறார்கள். விசாரித்துப் போங்கள்.

கொடுக்கும்போது ரசீது கட்டாயம். அதில் மாடல் எண், சீரியல் எண், என்ன பழுது, ஒப்புக்கொண்ட கூலி, திருப்பித் தரும் தேதி ஐந்தும் எழுதி வாங்குங்கள். உள்பக்கத்தை அவர் கண்ணெதிரே போட்டோ எடுங்கள். "அண்ணாச்சி, கழட்டுன பார்ட்ஸ எல்லாம் ஒரு கவர்ல போட்டு எங்கிட்டயே குடுத்துருங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அசல் டிரான்சிஸ்டர் கைமாறிப் போகாமல் இருக்க இது ஒன்றுதான் வழி. மேனுவல் அச்சையும் உங்கள் நோட்டையும் கூடவே கொடுங்கள். போர்டை மாற்றலாமா, புளூடூத் சேர்க்கலாமா என்று கேட்டால், கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கூலி பழுதைப் பொறுத்து ரூ. 500 முதல் 2000 வரை கேட்கிறார்கள், பாகம் தனி. தீபாவளிக்கு முன்னால் கொடுத்தால் தள்ளிப்போகும். மாசி, பங்குனியில் கொடுத்தால் சீக்கிரம் கிடைக்கும். ஆட்டோவில் கொண்டுபோகும்போது மெத்தைத் தலையணை ஒன்றைக் கீழே போட்டு, செட்டை நேராகவே வையுங்கள். டிரான்ஸ்பார்மர் இருக்கும் பக்கம்தான் கனம், அந்தப் பக்கத்தைக் கையால் தாங்கிப் பிடியுங்கள்.

சரியாகி வந்த செட்டை முதல் வாரம் மட்டமான ஸ்பீக்கரில், குறைந்த சத்தத்தில், தினமும் ஓரிரு மணி நேரம் ஓட்டுங்கள். மேலே துணியோ புத்தகமோ போடாமல், காற்று போக நாலு விரல் இடம் விடுங்கள். வார முடிவில் டிசியை மறுபடி ஒருமுறை அளந்து நோட்டில் எழுதிவிட்டு, நல்ல ஸ்பீக்கரை மாட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கினால் பிளக்கையும் ஆன்டெனாவையும் கழற்றி வையுங்கள்.